"டப்பிங்கில் பார்த்துக்கலாம்": குறும்படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவின் திரையிடலுக்கு வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆரணிப் பக்கமிருந்து புதியவர்கள் குறும்படங்களைக் கொண்டுவருகிறார்கள். கதைகள் நன்றாகவே இருக்கின்றன. ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக விடியற்காலையில் நிற்கிற பெண்கள், தண்ணீரைப் பார்க்காத பாலாறு, பீடி சுற்றுகிற திண்ணை என்று இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு மட்டுமே தெரிகிற விஷயங்களை எடுத்துவருகிறார்கள். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் அப்படியே திரும்ப வருகின்றன. படப்பிடிப்புக்கு முந்தின வாரம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இவற்றில் பாதி நடந்திருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேட்டரிக்குச் சார்ஜ் போடுங்கள், கார்டைக் காலி செய்துகொண்டு போங்கள் என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகவே தெரிந்துவிடும். பட்ட பிறகும் திரும்பத் திரும்பச் செய்கிறவற்றைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

டப்பிங்கில் பார்த்துக்கலாம்

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

எந்தப் படப்பிடிப்புக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒருவர் ஃபோகஸ் பிடிப்பார், ஒருவர் விளக்கைத் திருப்புவார், ஒருவர் தெர்மாகோலைத் தூக்கிக்கொண்டு நிற்பார், இயக்குநர் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். காதில் ஹெட்போன் மாட்டியவர் ஒருவரும் இருக்கமாட்டார். பக்கத்துத் தெருவில் மாவு மில் ஓடிக்கொண்டிருக்கும். "அண்ணா, சத்தம் வருதே" என்று ஒரு பையன் கேட்பான். "விடுடா, டப்பிங்ல பாத்துக்கலாம்" என்று பதில் வரும். அந்த இடத்திலேயே பாதிப் படம் போய்விட்டது.

தமிழ் சினிமா பல பத்தாண்டுகளாக டப்பிங்கை நம்பி ஓடியதால் நமக்கும் அது இயல்பான வழி என்று தோன்றுகிறது. அங்கே அது தனித் தொழில். பழகிய குரல்கள் இருக்கின்றன, துணி சரசரப்பையும் காலடியையும் மறுபடி உருவாக்கித் தருகிற கலைஞர்கள் இருக்கிறார்கள், அதற்கென்று நாட்கள் ஒதுக்கப்படுகின்றன. நம்மிடம் இதில் எதுவும் கிடையாது. நம் படத்தில் நடிப்பவர்கள் நெசவாளர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கூத்து ஆடுகிற அண்ணன்கள், நம் வீட்டுப் பெரியம்மாக்கள். கையில் வேலையும் எதிரே தெரிந்த முகமும் இருந்தால் கேமராவை மறந்துவிட்டுப் பேசிவிடுவார்கள். அவர்களையே இரண்டு மாதம் கழித்து ஒரு கண்ணாடி அறையில் நிறுத்தி, உதட்டசைவைப் பார்த்துப் பேசுங்கள் என்றால் வாசிக்கிற குரல்தான் வரும். படப்பிடிப்பில் வந்த மூச்சும் தயக்கமும் மறுபடி வராது.

குடியாத்தம் பக்கம் ஒரு தறி வீட்டில் இளைஞர்கள் எடுத்த படம் ஒன்று. தறிக்கான நூலைத் தாரில் சுற்றிக்கொண்டே பெங்களூரில் இருக்கிற மகனிடம் போனில் பேசுகிற பாட்டிதான் படத்தின் மையம். கோபப்படுகிறாரா கெஞ்சுகிறாரா என்று பிரிக்க முடியாத ஒரு பேச்சு. அதை எடுத்தபோது பக்கத்திலேயே தறி ஓடிக்கொண்டிருந்தது. மைக் கேமராவின் மேல் இருந்தது, கேமரா அறையின் மறுமூலையில் இருந்தது. பதிவில் தறிதான் கேட்டது. பாட்டிக்கு முட்டிவலி, சென்னை வரை வர முடியவில்லை. வேறொரு பெண்ணை வைத்துப் பேசவைத்தார்கள். ஸ்டூடியோ வாடகை, போக்குவரத்து, சாப்பாடு, மிக்ஸிங் எல்லாம் சேர்ந்து படப்பிடிப்புச் செலவையே தாண்டிவிட்டது. பிறகு அதே தெருவில் திரை கட்டிப் போட்டோம். பாட்டி வாயைத் திறந்ததும் கூட்டம் சிரித்தது. சிரிக்க வேண்டிய காட்சியே அல்ல அது. "அது யார் கொரலுப்பா?" என்று பாட்டி இயக்குநரைக் கேட்டார். அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. வடாற்காட்டுப் பேச்சு போய்விடுகிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இன்னா", "கீது", "வந்துகினு" என்று நாம் பேசுவதை வெளியூர்க் குரல் எடுத்தால் ஒன்று மெட்ராஸ் காமெடியாக்கிவிடும், இல்லையென்றால் பாடப்புத்தகமாக்கிவிடும். மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் உருது கலக்கிற விதம் ஒன்று, ஆந்திர எல்லையோரத்தில் தெலுங்கு கலக்கிற விதம் வேறு. ஒரே குடும்பத்தில் மாமியாரும் மருமகளும் இரண்டு மாதிரி இழுத்துப் பேசுவார்கள். இதை எந்த டப்பிங் கலைஞரும் கொண்டுவர முடியாது. நாம் ஊருக்குள் படம் எடுப்பதே இதற்காகத்தான் என்று நம்புகிறவன் நான்.

சரி, என்ன செய்யலாம்?

இடம் பார்க்கப் போகும்போது, படமெடுக்கப்போகிற அதே நேரத்துக்குப் போங்கள். காட்சி மாலை ஐந்து மணிக்கு என்றால் மாலை ஐந்துக்கே போய், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருங்கள். காலையில் அமைதியாக இருந்த வீட்டுக்குப் பின்னால் மாலையில் டியூஷன் நடக்கும். காட்பாடிப் பக்கம் என்றால் ரயில், சத்துவாச்சாரிப் பக்கம் என்றால் நெடுஞ்சாலை லாரிகள். போட்டோவில் இது எதுவும் தெரியாது.

காலண்டரையும் பாருங்கள். மார்கழி விடியலில் கோயில் மைக் இருக்கும். ஆடி முழுக்க அம்மன் கோயில் ஸ்பீக்கர் இருக்கும். குடியாத்தத்தில் வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த நாட்களில் ஊருக்குள் வசனக் காட்சி வைத்துக்கொண்டு யாரிடமும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள். அது அவர்கள் திருவிழா. பொங்கல் முடிந்து மாசி கடைசி வரை கிடைக்கிற நாட்கள் நல்லவை.

வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்துவது லேசான காரியம் இல்லை. கத்திரியில் வீட்டுக்குள் எடுப்பதென்றால் அதிகாலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் வசனங்களை முடித்துவிடுங்கள். மீதி நேரத்தில் பேச்சு இல்லாத ஷாட்டுகளை எடுக்கலாம். ஒவ்வொரு டேக்குக்கும் ஃபேனை நிறுத்தி, முடிந்ததும் உடனே போடுவதற்கென்று ஒருவர் சுவிட்ச் பக்கத்திலேயே நிற்கட்டும். நடிப்பவர்களுக்கு மோரும் துண்டும் கைவசம் இருக்கட்டும். ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாது.

மைக் பேசுகிறவர் வாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டு மூன்று அடிக்குள். விலை உயர்ந்த மைக் பத்தடி தள்ளி இருப்பதைவிட, மலிவான காலர் மைக் சட்டைக்குள் இருப்பது மேல். இன்னொரு போனே ரெக்கார்டராகப் போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு நடிப்பவர் பையில் வைத்துவிடுங்கள். ரெக்கார்டிங் செயலியில் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், தொடங்கும்போது கேமரா முன்னால் ஒரு கைத்தட்டு. பிறகு எடிட்டிங்கில் அதை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். பதிவாகிற ஒலியின் அளவு மீட்டரில் மைனஸ் 12 டெசிபெலைச் சுற்றி நிற்கட்டும். கூத்துக் கலைஞர்கள் நடிக்கும்போது இதில் தனிக் கவனம் வேண்டும். விடிய விடிய ஆடி, வெட்டவெளியில் கடைசி ஆள் வரை கேட்கப் பாடிய குரல்கள் அவை. ஒத்திகையில் மெதுவாகப் பேசிவிட்டு டேக்கில் குரலை உயர்த்திவிடுவார்கள். சத்தம் அளவை மீறிப் பதிவு உடைந்தால் ஒட்டவைக்க வழியில்லை.

ஒவ்வோர் இடத்தை விட்டுக் கிளம்பும் முன், எல்லாரும் அசையாமல் நிற்க, அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். வெட்டின இடங்களை மூட அதுதான் உதவும். எந்த வரி சரியாகப் பதியவில்லையோ, அதை அங்கேயே, அந்த நிமிடமே, கேமரா இல்லாமல் மறுபடி சொல்லவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். குரல் அதே சூட்டில் இருக்கும். அந்தப் பாட்டி இன்னொரு தடவை பேசியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

எல்லாவற்றுக்கும் முதலில், ஹெட்போன் போட ஒருவரை வையுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். "கேட்கலை, இன்னொன்னு போலாம்" என்று சொல்கிற உரிமை இயக்குநருக்கு இருப்பதுபோலவே அவருக்கும் இருக்க வேண்டும். தம்பி முறை என்பதால் வாய் மூடி நிற்கிறவராக இருந்தால் அந்த ஹெட்போனால் பயனில்லை.

விளக்கு ஓடுவது

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் கேமராவில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் தானியங்கியாக விட்டால் ட்யூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் கோடு ஓடும்.

கோட்டை

வேலூரில் கேமரா வாங்கிய ஒவ்வொருவரும் முதலில் கோட்டைக்குத்தான் போகிறார்கள். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற சின்னம். ட்ரைபாட், விளக்கு, நடிகர் என்று இறங்கினால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும். காவலாளி நிறுத்தும்போது அவரிடம் வாதம் செய்வது தப்பு, அவர் வேலையை அவர் செய்கிறார். காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்துக்கும் ரயில்வே அனுமதி வேண்டும்.

அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் கதைக்குக் கோட்டை எதற்கு? அகழியும் மதிலும் அழகாக இருப்பதால் மட்டுமே வைக்கப்பட்ட காட்சிகள் பார்த்தவுடன் தெரிந்துவிடும். 1806இல் சிப்பாய்கள் எழுந்து நின்ற இடம் அது. காதலர்கள் பிரிகிற காட்சிக்குப் பின்னணியாக அதைச் சுருக்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

ட்ரோன்

வேண்டாம்.

பாட்டு

சினிமாப் பாட்டை நடுவில் போட்டுவிட்டு "லாப நோக்கம் இல்லை" என்று ஓர் அட்டை போட்டால் உரிமை வந்துவிடாது. விழாக்கள் திருப்பி அனுப்பும், யூடியூப் முடக்கும். டீக்கடை ரேடியோவில் தற்செயலாகக் கேட்கிற பாட்டுக்கும் இதே தொல்லைதான், ஷாட் எடுக்கும்போது ரேடியோவை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

வழி இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் எழுத்துக்கு உரிமை. 1921இல் மறைந்த பாரதியின் பாடல் வரிகள் எல்லாருக்கும் சொந்தம். திருவண்ணாமலை அருணகிரிநாதரின் திருப்புகழும் அப்படித்தான். ஆனால் மெட்டுக்கு அதை அமைத்தவர் உரிமை உண்டு, ஒரு பாடகர் பாடிய ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை உண்டு. அதனால் புது மெட்டில், உங்கள் தெருவில் நன்றாகப் பாடுகிற ஒருவரைப் பாடவைத்து நீங்களே பதியுங்கள். செய்யாற்றுப் பக்கம் புரிசை போன்ற ஊர்களில் தெருக்கூத்து இன்றும் உயிரோடு இருக்கிற பகுதி இது. முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் நம்மிடம் இருக்கும்போது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற வயலினை ஏன் போடுகிறோம்? கலைஞர்களுக்குப் பணம் கொடுங்கள், ஒரு தாளில் ஒப்புதல் எழுதி வாங்குங்கள்.

நீளம்

பன்னிரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இருபத்தைந்திலும் யாரும் சொல்லிவிடவில்லை.

திரையிடல்

படம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். திரையிடும் இடத்தில்தான் பல படங்கள் சாகின்றன.

எங்களுக்கு அடிக்கடி நேர்வது இது. பின்னணி இசை முழங்கும், வசனம் மட்டும் காணாமல் போயிருக்கும். இயக்குநர் பதறிப்போய் மிக்ஸிங் செய்தவரைத் திட்டுவார். காரணம் வயர். லேப்டாப்பின் ஸ்டீரியோ முனையை மைக்செட் மிக்ஸரின் பேலன்ஸ்டு மோனோ முனையில் (இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் எடுக்கிற ஒற்றைச் சேனல் முனை) அப்படியே செருகினால், இடது வலது இரண்டிலும் சமமாக இருக்கிற ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். வசனம் எப்போதும் நடுவில் இருப்பதால் முதலில் போவது அதுதான். லேப்டாப்பில் இருந்து இடது, வலது என்று இரண்டாகப் பிரிகிற வயரை எடுத்துப்போய் இரண்டு சேனல்களில் செருகச் சொல்லுங்கள். மைக்செட் அண்ணனிடம் மரியாதையாகக் கேட்டால் செய்துகொடுப்பார், கல்யாணம் திருவிழா என்று அவர் பார்க்காத கூட்டமா?

இருட்டு அறையில் லேப்டாப் பார்த்துக் கலர் செய்த இரவுக் காட்சி, தெருவிளக்கு வெளிச்சத்தில் ப்ரொஜெக்டரில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். ஜூன் மாதத்தில் ஏழு மணிக்கு மேல்தான் வெளியில் முழுசாக இருட்டும், அதற்குமுன் தொடங்காதீர்கள். ஒலிபெருக்கி இரவு 10 மணியோடு நிற்க வேண்டும், அதற்குத் தகுந்த பட்டியலாகப் போடுங்கள். போலீஸ் அனுமதியை முன்னாலேயே வாங்கிவிடுங்கள். திரையின் கீழ் விளிம்பு உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே இருக்கட்டும், இல்லையென்றால் சப்டைட்டிலை முன்வரிசை மட்டும் படிக்கும். எங்களுக்குக் கொடுக்கிற கோப்பு 1080 அளவில், எச் 264 எம்பி4 ஆக இருந்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். திரையிடும் நாளன்று பென்டிரைவோடு ஓடிவராதீர்கள். இரண்டு நாள் முன்னால் கொடுங்கள்.

கல்யாண மண்டபம்

எதிரொலிக்கும். பின்சுவரில் ஜமக்காளம் தொங்கவிடுங்கள்.

நடித்தவர்களுக்குக் காட்டாமல் விடுவது

சென்னை விழாவுக்கு அனுப்பிவிட்டு, வீட்டைக் கொடுத்தவருக்கும் நடித்த அக்காவுக்கும் யூடியூப் லிங்க் அனுப்புவது நியாயமில்லை. முதல் காட்சி அவர்கள் தெருவில் நடக்கட்டும். டைட்டிலில் அவர்கள் பெயரை அவர்கள் எழுதுகிற மாதிரியே எழுதுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

படம் முடிந்ததும் மைக்கைப் பிடித்து "நான் இதில் சொல்லவந்தது" என்று இயக்குநர் ஆரம்பிக்க வேண்டாம். மைக்கை முதலில் கடைசி வரிசைக்கு அனுப்புங்கள். படம் பிடித்ததா என்று கேட்பதற்கு முன்னால், பேசினது காதில் விழுந்ததா என்று கேளுங்கள்.