பினாங்கில் 24 பேர், 4 இரவு: மளிகைப் பட்டியல் போடுமுன் ஃபிரிட்ஜைக் கேளுங்கள்

லண்டன், மெல்பர்னிலிருந்து வருபவர்களும் கோலாலம்பூர், ஈப்போ சொந்தங்களும் பள்ளி விடுமுறைக்குப் பினாங்கில் கூடுவதென்றால், வழக்கமான கணக்கு இதுதான்: 16 பெரியவர்கள், 8 பிள்ளைகள், பத்து ஃபெரிங்கியிலோ தஞ்சோங் பூங்காவிலோ அடுத்தடுத்து இரண்டு வாடகை வீடு. இப்படிப்பட்ட கூட்டத்தில் சாப்பாடு பற்றாமல் போவது அபூர்வம். நடப்பது நேர்மாறு. கடைசி நாள் காலையில் உறைபெட்டியில் 3 கிலோ கோழி, பாதி மூட்டை வெங்காயம், திறக்காத 5 பாக்கெட் ரொட்டி. விமானம் ஏறப் போகிறவர்களால் அதில் ஒன்றையும் கொண்டுபோக முடியாது.

அதனால் முதல் கேள்வி எந்தக் கடை என்பதல்ல. வீட்டுக்காரரிடம் மூன்று படம் கேளுங்கள்: திறந்த ஃபிரிட்ஜ், அடுப்பு, பாத்திர அலமாரி. கறி சமைக்கலாமா என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். மசாலா வாடை, எண்ணெய்ப் புகை என்று சொல்லிக் கூடுதலாகத் துப்புரவுக் கட்டணம் வாங்கும் வீடுகள் உண்டு. பெரும்பாலான வாடகை வீடுகளில் இருப்பது ஒரு நடுத்தர ஃபிரிட்ஜ். அதன் உறைபெட்டியில் 5 கிலோ கோழியை வைத்துவிட்டால் ஐஸ் கட்டிக்குக்கூட இடமிருக்காது. ஒரே நேரத்தில் அவ்வளவு கறியைத் திணித்தால் நடுவிலிருப்பது உறைய ஒரு ராத்திரி போதாது.

கோலாலம்பூரிலிருந்து காரில் வருபவர்கள் எதை ஏற்றி வருவது? உணவை அல்ல, பாத்திரத்தை. 350 கிலோமீட்டர், நெரிசலோடு ஐந்து மணி நேரம் வெயிலில் கிடக்கும் கார் பூட்டில் கறியும் மீனும் எதற்கு? கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைக்கும் மளிகை எல்லாம் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலும் கிடைக்கும். வாடகை வீட்டில் கிடைக்காதது 12 லிட்டர் பானை. அங்கே நாலு பேருக்கான சட்டிதான் இருக்கும். இரண்டு சோற்றுக் குக்கர், அடியில் காந்தம் ஒட்டும் ஒரு பெரிய எவர்சில்வர் பானை, பெரிய கரண்டி, நல்ல கத்தி, இரண்டு ஐஸ் பெட்டி: இவை பூட்டில் வரட்டும். காந்தம் ஏன் என்றால், வாடகை வீட்டு அடுப்பு பல இடங்களில் இண்டக்‌ஷன். அதில் அலுமினியப் பானையும் மண்சட்டியும் சூடேறாது. தீவின் எதிர்க்கரையில், பட்டர்வொர்த், பிறையில் உறவு இருந்தால் பானையை அங்கேயே இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் காரோடு ஃபெரி ஏறும் பழைய நினைப்பு வேண்டாம். 2021 முதல் அதில் கார் ஏற்றுவதில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிள், மிதிவண்டியும்தான். கார் என்றால் பாலம். தீவுக்குள் போகும்போது மட்டும் டோல். டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று புறப்படுமுன் பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கான உணவு, குழந்தைப் பால்மாவு தவிர வேறு எதையும் சுமக்க வேண்டாம். இறைச்சி, பழம், செடி, விதை போன்றவற்றுக்கு அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள்.

இனி அளவு. நான்கு இரவில் வீட்டில் நான்கு வேளைக்கு மேல் சமைக்கத் திட்டமிடாதீர்கள்: மூன்று மதியம், ஓர் இரவு. காலைப் பசியாறலை முற்றாக வெளியே வைத்துக்கொள்ளுங்கள். 24 பேருக்கு ஆளுக்கு மூன்று தோசை என்றால் 72 தோசை. ஒரு கல், ஒரு தோசைக்கு இரண்டு நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம் ஒருவர் அடுப்படியில் நிற்க வேண்டும். தெருமுனையில் ரொட்டி சானாய் இருக்கும்போது யாருக்கு இந்தத் தண்டனை? சீக்கிரம் எழும் பிள்ளைகளுக்கு ரொட்டியும் காயா ஜாமும், 30 முட்டைத் தட்டு ஒன்றும் போதும்.

அரிசி: குழம்பு, கூட்டோடு பெரியவருக்கு 110 கிராம், பிள்ளைக்கு 60 கிராம். ஒரு வேளைக்கு 2.25 கிலோ, நான்கு வேளைக்கு 9 கிலோ. 10 கிலோ மூட்டை ஒன்று வாங்கினால் கணக்கு முடிந்தது. சிக்கல் குக்கரில்தான். 1.8 லிட்டர் குக்கரில் 10 கப் கொள்ளும் என்பது உள்ளூர் வெள்ளை அரிசிக்கான கணக்கு. பொன்னிப் புழுங்கல் கூடுதல் தண்ணீர் கேட்கும். 6 கப்புக்கு மேல் போட்டால் பொங்கி மேடையெல்லாம் கஞ்சி. இரண்டு குக்கரில் 6 கப் வீதம் 1.8 கிலோதான் வேகும். ஆகவே பத்தரைக்கே ஒன்றை ஏற்றி, வெந்ததும் சுத்தமான துணி விரித்த ஐஸ் பெட்டியில் கொட்டி மூடிவிட்டு, அதிலேயே இன்னொரு தடவை வையுங்கள். ஐஸ் பெட்டி குளிரை மட்டுமல்ல, சூட்டையும் பிடித்து வைக்கும். சோறு ஒரு மணிக்கும் ஆவி பறக்க இருக்கும்.

இன்னொரு இடி மின்சாரத்தில். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட், கெட்டில் 2,000 வாட், குக்கர் 700 வாட். மூன்றையும் ஒரே நீட்டிப்பு வயரில் செருகினால் 4,700 வாட். 13 ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் 3,000 வாட்தான். ஃபியூஸ் போகும், அல்லது வயர் சூடாகும். குக்கரைக் கூடத்தில் தனிப் பிளக்கில் வையுங்கள்.

கோழி ஒரு வேளைக்கு 5 கிலோ, அதாவது நடுத்தரக் கோழி மூன்று. கோழிக்காரரிடம் 'பொத்தோங் காரி' என்று சொன்னால் குழம்புத் துண்டாகவே வெட்டிக் கொடுப்பார். மீன் முழுசாக 4 கிலோ. தலையும் குழம்புக்குப் போகும். தெங்கிரி (வஞ்சிரம்) என்றால் துண்டு போடச் சொல்லுங்கள். கெம்போங் (கானாங்கெளுத்தி) விலை குறைவு, ருசி கூடுதல், முள்ளும் கூடுதல்; வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளை நினைத்துத் தேர்ந்தெடுங்கள். மீன் குழம்புத்தூள் 150 கிராம், புளி 150 கிராம். பாபாஸோ அழகப்பாஸோ, 250 கிராம் பாக்கெட் ஒன்று வாங்கினால் போதும். சாம்பாருக்குப் பருப்பு 800 கிராம். வெங்காயம் மொத்தமாக 4 கிலோ, எண்ணெய் 3 கிலோ.

தேங்காய்ப்பாலில் ஏமாறுபவர்கள் அதிகம். மார்க்கெட்டில் பிழிந்த சந்தான் மணம் அலாதி. ஆனால் காலை எட்டு மணிக்கு வாங்கி, காரில் வைத்துக்கொண்டே கடற்கரைக்குப் போய்விட்டு ஒரு மணிக்கு எடுத்தால் புளித்திருக்கும். நேரே வீட்டுக்கு வருவதாக இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் 200 மில்லி அட்டைப்பெட்டிப் பால். ஒரு குழம்புக்கு ஐந்து.

கடைகளுக்கு இரண்டு சுற்று போதும். வந்து சேர்ந்த நாளில் உலர்ந்த சாமான்: லெபோ பாசார், லெபோ குயின், லெபோ பினாங்கு தெருக்கள் அடங்கிய லிட்டில் இந்தியாவில் அரிசி, பருப்பு, தூள், அப்பளம், வாழை இலை. கார் நிறுத்தக் கட்டணம் கைப்பேசிச் செயலியில்; சொந்தக் காரோடு வரும் உள்ளூர்க்காரரை அழைத்துப் போங்கள். தண்ணீர், டிஷ்யூ, குப்பைப்பை போன்ற கனமானவற்றுக்கு லிட்டில் இந்தியா வேண்டாம். திரும்பும் வழியில் தஞ்சோங் தோக்கோங் பக்கத்துப் பேரங்காடியில் முடித்துக்கொள்ளுங்கள். குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 36 லிட்டர்: 1.5 லிட்டர் புட்டி 12 கொண்ட பெட்டி இரண்டு. ஒவ்வொன்றும் 18 கிலோ, யார் தூக்குவது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். துணிப்பை கொண்டுபோங்கள், பினாங்கில் 2011 முதலே கடைகளில் இலவசப் பை கிடையாது.

இரண்டாவது சுற்று, மறுநாள் காலை ஏழு மணிக்கு, மீனும் கோழியும் கீரையும். பூலாவ் தீக்குஸ், தஞ்சோங் பூங்கா மார்க்கெட்டுகள் பத்து ஃபெரிங்கிக்கு வசதி. நகரத்தில் தங்கினால் சௌராஸ்தா. கையில் சில்லறை வெள்ளி இருக்கட்டும், வெளிநாட்டு அட்டையை மீன்காரர் என்ன செய்வார்? திங்கட்கிழமை மீன்கடைகள் பல மூடியிருக்கும். அந்த நாளில் கோழியை முன்னே தள்ளி மீனைச் செவ்வாய்க்கு மாற்றுங்கள். சீனப் பெருநாளை ஒட்டி வந்தால் மார்க்கெட்டை நம்பவே வேண்டாம். சில நாள்களுக்கு மீனும் இருக்காது, இருந்தாலும் விலை கேட்க முடியாது. மீனை அன்றே சமையுங்கள், கோழியை மறுநாளுக்கு. மூன்றாம் சமையல் நாளுக்கான ஆட்டுக்கறி உறைந்ததாகவே கிடைக்கும். அதற்கு முந்தின நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி வையுங்கள்.

பழத்தைப் பால்கனியில் வைக்காதீர்கள். மலையோரக் குரங்குகளுக்குச் சீப்பு வாழைப்பழம் கண்ணில் பட்டால் போதும், திறந்திருக்கும் கதவு வழியாக அரிசி மூட்டைவரை வந்துவிடும். டுரியான் காலத்தில் பாலேக் பூலாவ் போனால் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்குள் கொண்டுவந்தால் அபராதம் போடும் இடங்கள் அதிகம்.

மிஞ்சிய அரிசி, எண்ணெய், தூள் எல்லாம் பாத்திரம் கொண்டுவந்த காரிலேயே கோலாலம்பூர் போகட்டும். வெளிநாடு திரும்புபவர்கள் சௌராஸ்தாவில் ஜாதிக்காய் வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா என்றால் இறங்கியதும் பயணி அட்டையில் எழுதிக் காட்டுங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இறங்கிப் போகிறவர்கள் லிட்டில் இந்தியாவில் கசகசா மட்டும் வாங்க வேண்டாம். இரண்டு இடத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள்.