ஏர்போர்ட் கேமராவும் ரோட்டு கேமராவும்: நம்ம மூஞ்சிய எங்க குடுக்கலாம், எங்க வேண்டாம்னு சொல்லலாம்

எல்லா ஃபேஸ் ரெகக்னிஷனும் ஒண்ணு இல்லங்க. போன் அன்லாக் ஆகுறப்போ "இது ஓனரா இல்லையா"ன்னு மட்டும்தான் பாக்கும். போலீஸ் கேமரா அப்படி இல்ல, போற வர்ற மூஞ்சிய எல்லாம் ஒரு பெரிய லிஸ்ட்ல போட்டு "இது யாரு"ன்னு தேடும், நம்மள நிறுத்தக்கூட வேண்டியதில்ல, தூரத்துல இருந்தே வேலை முடிஞ்சிரும். பொது இடத்துல போலீஸ் இத நேரடியா ஓட்டுறதுக்கு ஐரோப்பிய யூனியன்ல 2025 பிப்ரவரில இருந்து தடை, சில விதிவிலக்கு மட்டும் உண்டு. இங்க அப்படி தனிச் சட்டம் எதுவும் இல்ல.

சரி, மொதல்ல ஏர்போர்ட். மூஞ்சிய கேமராவுக்கு காட்டியே உள்ள போற டிஜி யாத்ரா முறை கட்டாயம் இல்ல. ஆனா வாசல்ல நிக்கிற ஸ்டாஃப் "சார் கேமராவ பாருங்க"ன்னு சாதாரணமா சொல்லிட்டா நாமளும் பாத்துட்டு போயிருவோம், பின்னாடி க்யூ வேற நிக்கும். அதனால ஐடியையும் போர்டிங் பாஸையும் கைல எடுத்து வெச்சுக்கிட்டு "டிஜி யாத்ரா வேண்டாம், ஐடி பாத்து விடுங்க"ன்னு சொல்லிட்டு சாதா க்யூல போங்க, அவ்ளோதான். டிஜி யாத்ரா வழியா ஏர்போர்ட்டுக்கு போன ஃபோட்டோ ஃப்ளைட் கெளம்பி 24 மணி நேரத்துல அழிஞ்சிரும்னு சொல்றாங்க. அழிஞ்சுச்சான்னு நாம போய் பாக்க முடியுமா என்ன?

அடுத்து ஆதார். ஆதாரோட அதிகாரப்பூர்வ ஆப்ல பயோமெட்ரிக் லாக் இருக்கு, ஆன் பண்ணா கைரேகை, கண்ணு, மூஞ்சி எத வெச்சும் உங்க பேர்ல ஆதார் வெரிஃபிகேஷன் நடக்காது. ஒரே சிக்கல், ரேஷன் கடைல கைரேகை வெக்கிற வீடா இருந்தா யாரு போய் வாங்குறாங்களோ அவங்களோடத லாக் பண்ணாதீங்க, இல்லன்னா மெஷின் எரர் காட்டும், பாட்டிய க்யூல நிக்க வெச்சுட்டு நீங்க ஓடிபி தேடிக்கிட்டு இருப்பீங்க. ரோட்டு கேமராவுக்கும் இந்த லாக்குக்கும் சம்பந்தமே இல்ல, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப போலீஸ். நைட் ரவுண்ட்ஸ்ல நிறுத்தி போன்ல ஃபோட்டோ எடுக்குறாங்கன்னு வைங்க. 2022ல வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் கைதானவங்க, தண்டனை வாங்குனவங்க, மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இருக்குறவங்க மாதிரி ஆளுங்களுக்குத்தான், சும்மா ரோட்டுல போறவங்களுக்கு இல்ல. "எதுக்கு சார் ஃபோட்டோ, எந்த சட்டத்துல கேக்குறீங்க"ன்னு மரியாதையா கேளுங்க, ஸ்டேஷன் பேர கேட்டு வெச்சுக்கோங்க, கைகலப்புக்கு போகாதீங்க, ஃபோட்டோவ விட உங்க ராத்திரி முக்கியம்.

"நான்தான் தப்பு பண்ணலயே"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். டெல்லி போலீஸ் 80% ஒத்துப்போனாலே மேட்ச்னு எடுத்துக்குறதா ஆர்டிஐல (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) பதில் சொல்லியிருக்காங்க. அமெரிக்கால டெட்ராய்ட் போலீஸ் ராபர்ட் வில்லியம்ஸ்ங்கிறவர 2020 ஜனவரில மெஷின் தப்பா கை காட்டுனத நம்பி, வீட்டு வாசல்லயே குடும்பம் பாக்க அரெஸ்ட் பண்ணாங்க. நம்ம தமிழ்நாடு போலீஸோட ஃபேஸ் ரெகக்னிஷன் போர்ட்டலே 2024 மே மாசம் ஹேக் ஆச்சு. பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், மூஞ்சி போனா?

ரோட்டு கேமராவுக்கு நோ சொல்ல வழி இல்ல, மாஸ்க் போட்டாலும் இப்ப வர்ற சாஃப்ட்வேர் பலது கண்ணு பக்கத்த வெச்சே புடிச்சிரும். கேள்வி கேக்கலாம், அது கைல இருக்கு. கமிஷனர் ஆபீஸ் பொது தகவல் அலுவலருக்கு 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போடுங்க. நீட்டி கதை எழுதாதீங்க, நம்பர் போட்டு கேளுங்க: என்ன சாஃப்ட்வேர், எத்தன சதவீதம் ஒத்துப்போனா மேட்ச், மேட்ச் ஆகாதவங்க ஃபோட்டோ எத்தன நாள் இருக்கும், எந்த உத்தரவுல இத ஓட்டுறாங்க, அந்த உத்தரவோட காப்பி. 30 நாள்ல பதில் வரலன்னா, இல்ல "பாதுகாப்பு காரணம்"னு ஒத்த வரில முடிச்சுட்டா, அடுத்த 30 நாளுக்குள்ள மொத மேல்முறையீடு போட்டுருங்க, அதுக்கு ஃபீஸ் கெடையாது.