பிழைச்செய்தியை மூடிவிடாதீர்கள்: நிரல் எழுதக் கற்பவர்களுக்கு

மார்த்தாண்டத்துக்கு அருகே எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் மடிக்கணினியோடு வந்து அமரும் கல்லூரி மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, "திரையில் கடைசி வரி என்ன சொல்கிறது?" என்பதுதான். பெரும்பாலும் அதற்கு விடை வராது. "ஓடமாட்டேங்கு அண்ணா" என்பது மட்டும் வரும். சிவப்பு எழுத்தில் வரும் பிழைச்செய்தியைக் கண்டவுடன் படிக்காமலேயே மூடிவிடும் இந்தப் பழக்கம் பள்ளி விடைத்தாளிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். விடைத்தாளில் சிவப்பு மை விழுந்துவிட்டால் அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது. நிரலிலோ சிவப்பு எழுத்து விழுந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது.

ஆகவே முதல் பயிற்சி, பிழைச்செய்தியைப் படிப்பது. பைத்தான் என்ற நிரல்மொழியில் அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசி வரி பிழையின் வகையையும் காரணத்தையும் சொல்லும். அதற்கு மேலே உள்ள வரிகள் எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் நிரல் நின்றது என்பதைக் காட்டும். 'நேம் எரர்' என்றால் நீங்கள் குறிப்பிட்ட பெயர் நிரலுக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் எழுத்துப்பிழையாக இருக்கும். 'டைப் எரர்' என்றால் எண்ணையும் எழுத்தையும் கூட்டுவது போன்ற பொருந்தாத செயலைச் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பத்து முறை நிதானமாகப் படித்தால் தானே பழகிவிடும்.

பிழைச்செய்தி மறைந்துவிட்டதாலேயே பிழை தீர்ந்துவிடாது என்பதை ஒரு மாணவரின் நிரலில் கண்டேன். அவர் வீட்டில் சிறிய ரப்பர் தோட்டம் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் பால்வெட்டு, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. ஒவ்வொரு வெட்டுக்கும் கிடைத்த ஷீட்டின் எடையைப் பட்டியலாக எழுதி, வாரத்தின் மொத்தத்தையும் ஒரு வெட்டுக்கான சராசரியையும் கணக்கிடும் நிரல் அது. முதல் வாரம் 9, 8, 10, 9 கிலோ. மொத்தம் 36, சராசரி 9 என்று சரியாக வந்தது. அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டதால் இரண்டே வெட்டு, 8 கிலோவும் 7 கிலோவும். நிரல் 'இன்டெக்ஸ் எரர்' காட்டி நின்றுவிட்டது. பட்டியலின் எண்களை ஒவ்வொன்றாக எடுக்கும் சுழற்சி நான்கு முறை ஓட வேண்டும் என்று அவர் நிரலிலேயே 4 என்ற எண்ணை எழுதி வைத்திருந்தார். பட்டியலிலோ இரண்டு எண்கள்தான் இருந்தன. மூன்றாவதைத் தேடிப் போன இடத்தில் நிரல் நின்றது.

அவர் செய்த திருத்தம் பட்டியலின் கடைசியில் இரண்டு பூச்சியங்களைச் சேர்த்தது. சிவப்பு எழுத்து போய்விட்டது, மொத்தம் 15 என்று சரியாகவும் வந்தது. ஆனால் சராசரி 3.75 என்று வந்தது. உண்மையில் வர வேண்டியது 7.5. முன்பாவது நிரல் தன் குறையைத் தானே சொன்னது. இப்போது வாய்மூடிக்கொண்டு தவறான கணக்கைத் தருகிறது. சராசரியைப் பார்த்த அவருடைய அம்மா, "மழையானாலும் மரம் அவ்வளவு மோசமாவா பால் தரும்?" என்று கேட்டிராவிட்டால் அது அப்படியே நிலைத்திருக்கும். சரியான திருத்தம், 4 என்ற எண்ணை நீக்கிவிட்டு, பட்டியலின் நீளத்தையே 'லென்' கொண்டு கேட்டுப் பெறுவது. வெட்டே நடக்காத வாரத்தில் பூச்சியத்தால் வகுக்காமல் இருக்க ஒரு சோதனையையும் சேர்ப்பது.

இதிலிருந்து நான் வற்புறுத்துவது ஒரு நோட்டுப் புத்தகம். கணினியில் வேண்டாம், தாளில். நிரலை ஓட்டுவதற்கு முன்பே, என்ன விடை வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். ஓடிய பிறகு என்ன வந்தது என்பதை எழுதுங்கள். இரண்டும் வேறுபட்டால், தங்கள் எண்ணத்தில் எது தவறு என்பதைக் கண்டுபிடித்த பின்னரே மூன்றாவது வரியை எழுதுங்கள். அந்த மாணவரின் மூன்றாவது வரி, "எல்லா வாரமும் நான்கு வெட்டு நடக்கும் என்று நினைத்துவிட்டேன்" என்பது. நிரலைப் பற்றிய வரியாக அது இல்லை, அவருடைய ஊகத்தைப் பற்றியதாக இருக்கிறது. அதனால்தான் அது அடுத்த நிரலுக்கும் உதவும். முன்கூட்டி எழுதாதவர்களுக்கு, விடையைப் பார்த்த பிறகு "இதைத்தான் நானும் நினைத்தேன்" என்று தோன்றிவிடும்.

தோல்வியை இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே நல்ல சான்று உண்டு. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதி விழுந்தபோது இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவன், நாகர்கோவிலை அடுத்த மேலசரக்கல்விளையைச் சேர்ந்தவர். அந்தத் தோல்வியின் காரணங்களை ஆராய்ந்த வல்லுநர் குழுவுக்குத் தலைமை தாங்கி, 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரான நாராயணனும் இம்மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். இயந்திரங்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிடக் கூடியது, சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போனது, இறங்குவதற்கு 500 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் கொண்ட இடத்தை மட்டுமே குறித்திருந்தது எனக் காரணங்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3, எவையெல்லாம் தவறக்கூடும் என்ற கேள்வியிலிருந்து வடிவமைக்கப்பட்டது. இறங்கும் பரப்பும் கிலோமீட்டர் கணக்கில் விரிவாக்கப்பட்டது. நம் நோட்டில் எழுதும் மூன்றாவது வரியும் இந்த வேலையின் சிறிய வடிவமே.

காரணம் பிடிபடாமல் நிற்கும்போது, நிரலின் நடுவில் ஓரிடத்தில் மாறியின் (நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கி நிற்கும் பெயரின்) மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் பிழை கீழ்ப்பாதியில். தவறாக இருந்தால் மேற்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் ஆயிரம் வரி நிரலிலும் சுமார் பத்து முறைக்குள் பிழை இருக்கும் வரியை நெருங்கிவிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிய பின் நிரல் ஓடினால், எது ஓட வைத்தது என்பது தெரியாமலே போய்விடும். இந்த இடத்தில் நிரலின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) போன்ற பதிப்புக் கருவியை முதல் மாதத்திலேயே பழகிக்கொள்வது நல்லது. நான் அதைப் பழகாத காலத்தில், ஓடிக்கொண்டிருந்த நிரலைத் 'திருத்தி' ஒரு வார உழைப்பை இழந்து, பழைய வடிவம் எப்படி இருந்தது என்று நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவன்.

அரை மணி நேரம் முயன்றும் முடியவில்லை என்றால் கேளுங்கள். அதற்கு மேல் முட்டிக்கொண்டிருப்பதில் பெருமை இல்லை. கேட்கும்போது என்ன செய்ய முயன்றீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், திரையில் வந்தது எழுத்துக்கு எழுத்து என்ன என்பவற்றைச் சொல்லுங்கள். இவற்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே விடை கிடைத்து, அனுப்பாமல் விட்ட கேள்விகள் என்னிடமே பல உண்டு.

செயற்கை நுண்ணறிவுக் கருவி தரும் விடையையோ நண்பரின் நிரலையோ பார்ப்பதில் தவறில்லை. பார்த்த பின் அதை மூடிவிட்டு வெற்றுத் திரையில் நீங்களாக எழுதுங்கள். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் எழுதுங்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். காணொளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருப்பதும், திரையை மூடியதும் முதல் வரிகூட வராமல் போவதும் இதனால்தான்.

வேலைக்கான எழுத்துத் தேர்வில் தோற்று, திருவனந்தபுரத்திலிருந்து ரயிலில் திரும்புகிறவர்களுக்கும் இதே நோட்டுதான். வண்டி நாகர்கோவிலை அடைவதற்குள், கேள்விகள் மறப்பதற்கு முன், எந்தக் கேள்வியில் எந்த நிமிடத்தில் நின்றுபோனீர்கள் என்று எழுதிவிடுங்கள். மறுநாள் காலையில் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ரப்பர் கணக்கு எழுதிய அந்த மாணவர் அப்படி ஒரு பயணத்தில் எழுதிய பக்கத்தை என்னிடம் காட்டினார். ஆறு கேள்விகளில் இரண்டில், பட்டியல் வெறுமையாக வந்தால் என்ன செய்வது என்பதை அவர் யோசிக்கவே இல்லை. அதற்குக் கீழே, "வெட்டு நடக்காத வாரம்" என்று மட்டும் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.