கல்லூரி ஊரில் ஒரு பேய்க்கதை: முதல் நாவலை எழுதத் தொடங்குவது எப்படி?

பேய் பிடிக்கும் கதை எழுத உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் பேயைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். நான் ஊரிலிருந்து தொடங்கச் சொல்வேன். இங்கே சிதம்பரத்தையும் அதை ஒட்டிய அண்ணாமலை நகரையும் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் படித்த ஊர் வேறாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஊரைத் தாளில் வரையுங்கள்

நடுவே ரயில் பாதை. அதற்கு மேற்கே நடராசர் கோயிலும் தேரோடும் வீதிகளும். கிழக்கே 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் விடுதிகளும் மருத்துவக் கல்லூரியும். ஊரின் வடக்கு எல்லையில் தில்லைக் காளி. சிவனோடு போட்டியிட்ட நடனத்தில் தோற்று, கோபத்தோடு எல்லைக்குப் போய் அமர்ந்தவள் என்பது தலபுராணம். கிழக்கே கடல் பக்கம் போனால் பிச்சாவரம். அந்தச் சதுப்புக் காட்டில் தில்லை மரம் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சிதம்பரத்தின் பழைய பேர் தில்லை. ஊருக்குப் பேர் கொடுத்த மரம் கண்ணைக் கெடுக்கும் மரம். இது போதும், முதல் அத்தியாயத்துக்கு.

ஒன்று மட்டும்: கல்லூரிக்கும் விடுதிக்கும் கற்பனைப் பேர் வையுங்கள். நடக்காத சாவை நிஜ விடுதியின் தலையில் கட்டினால், இன்று அங்கே தூங்குகிற பிள்ளைகள்தான் பயப்படுவார்கள்.

படி 2: பேய்க்கு ஒரு பக்க வரலாறு

நம் கிராம வழக்கில் பேய் என்பது பெரும்பாலும் ஆயுசு முடியாமல் போனவர், ஆசை தீராமல் போனவர். அதற்கு ஊர் உண்டு, உறவு உண்டு, கேட்பதற்கு ஒன்று உண்டு. யார், எந்த வருஷம், எங்கே, என்ன மிச்சம்? இதை ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாவலில் அதில் கால்வாசிகூட வராமல் போகலாம். பரவாயில்லை, எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 3: பிடிபடுகிறவளை முதலில் வாழவிடுங்கள்

முழு நாவலும் இந்தப் படியில்தான் நிற்கிறது, அவசரப்படாதீர்கள். முதல் ஐம்பது பக்கம் அவள் அவளாகவே இருக்கட்டும். எப்படிச் சாப்பிடுவாள், யாரிடம் கடன் வாங்குவாள், அம்மாவிடம் போனில் எதை மறைப்பாள் என்று வாசகருக்குப் பழக்கமாகட்டும். அப்போதுதான் ஒரு சின்ன மாற்றம் முதுகில் சில்லிடும்.

நம்மிடம் அதற்கு ஒரு அருமையான கருவி இருக்கிறது: வட்டார வழக்கு. அவள் நாகர்கோவில் பக்கத்துப் பெண் என்று வையுங்கள். ‘எனக்க புக்கு’, ‘எனக்க செருப்பு’ என்றுதான் சொல்வாள். அறைத்தோழிகள் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள், இவளும் சிரிப்பாள். பிறகு ஒரு ராத்திரி:

கரண்ட் போயிருந்தது. சாந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொடியில் கிடந்த பச்சைத் தாவணியை எடுத்ததும், கட்டிலில் படுத்திருந்தவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: “அத வையி. அது என்னுது.”

தாவணி அவளுடையது இல்லை. ‘என்னுது’ என்ற சொல்லும் அவளுடையது இல்லை. குரலை மாற்றவில்லை, கண்ணைச் சிவப்பாக்கவில்லை. வாசகர் முந்தைய ஐம்பது பக்கத்தைப் படித்திருந்தால் இந்த ஒரு சொல்லிலேயே புரிந்துகொள்வார்.

படி 4: மருத்துவரையும் கதைக்குள் விடுங்கள்

மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில் யாரும் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவில்லை என்றால் நம்ப முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே, வேறோர் ஆவி ஆட்கொண்டதாக நடந்துகொள்ளும் நிலைக்குத் தனி இடம் உண்டு. அதனால் உங்கள் மருத்துவர் அவளைக் கேலி செய்ய மாட்டார், பொறுமையாகக் கேட்பார். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்ற சந்தேகம் கடைசிவரை இருந்தால் பயம் கூடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். பயம் காட்டுவதற்காகச் சங்கிலியை எடுக்காதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பிக்க வழியில்லாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலி உங்கள் கதையில் வந்தே ஆக வேண்டுமென்றால், அது அவளுக்கு எப்படி வலிக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

படி 5: பேச வைக்கும் காட்சி

செஞ்சிப் பக்கத்தில் பம்பை என்ற இரட்டை மேளம் அடிக்கும் பம்பைக்காரர்கள் பேயை அடித்து விரட்டுவதைவிட அதிகம் செய்வது பேச வைப்பது. பம்பை ஒலிக்க ஒலிக்க, ‘யாரு நீ, எந்த ஊரு, என்ன வேணும்’ என்று கேள்வி வரும். பேய் முரண்டு பிடிக்கும், பொய் சொல்லும், கோழி கேட்கும், பேரம் பேசும். கடைசியில் பேர் சொல்லும். பிடிபட்டவள் தலையில் கல்லைச் சுமந்து புளியமரத்துக்குப் போய்ப் போடுவாள். அவள் முடியில் ஒரு கற்றையை மரத்தில் ஆணியடித்து நிறுத்துவார்கள்.

இந்தக் காட்சியை உரையாடலாகவே எழுதுங்கள். வர்ணனை குறையட்டும். படி 2-இல் எழுதி வைத்த பக்கத்தைத் திறக்க வேண்டிய நேரம் இதுதான்: பொய்கள் முதலில் வரட்டும், உண்மை ஒவ்வொரு வரியாக வெளியே வரட்டும். கேட்கிறவருக்கே தொண்டை அடைக்கும்படி ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

படி 6: முடிவு

ஆணி இறங்கியாயிற்று, பம்பை நின்றாயிற்று. அவள் கண்ணைத் திறந்து, தோழி கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பார்க்கிறாள். ‘எனக்க பாட்டிலா?’ என்று கேட்பாளா, ‘என்னுதா?’ என்று கேட்பாளா? முதல் அத்தியாயம் எழுதுவதற்கு முன்பே இதை முடிவு செய்து, தனியாக ஒரு சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.