பல்கலைக்கழகப் பயிற்சி கிளினிக்கில் கவுன்சலிங்: இந்தத் தவறுகள் வேண்டாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா, மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகப் பயிற்சி கிளினிக்கில் குறைந்த கட்டணத்துக்குக் கவுன்சலிங் கிடைக்கும் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "படிக்கிற பிள்ளைங்க நம்மள வச்சுத்தானே பழகுவாங்க?" என்பதுதான். இந்தப் பயத்திலேயே பலர் போகாமல் விட்டுவிடுகிறார்கள், முதல் தவறே அதுதான்.

உங்களைப் பார்ப்பவர் பெரும்பாலும் முதுகலை மாணவர், உண்மை. ஆனால் அவர் தன் இஷ்டத்துக்கு எதுவும் செய்வதில்லை. தகுதி பெற்ற மேற்பார்வையாளரிடம் உங்கள் விஷயத்தைப் பேசி, எதைக் கவனிக்காமல் விட்டோம், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று தெளிந்துகொண்டுதான் மறுபடியும் உங்கள் முன்னால் உட்காருகிறார். உங்கள் ஒருவருக்காக இரண்டு பேர் யோசிக்கிறார்கள். இதற்காகச் சில இடங்களில் பேச்சைப் பதிவு செய்ய அனுமதி கேட்பார்கள். படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். யார் அதைக் கேட்பார்கள், எப்போது அழிப்பார்கள், நான் வேண்டாம் என்றால் என்ன ஆகும், எல்லாவற்றையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

அடுத்தது மொழி. மகளையோ மைத்துனரையோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது எந்தத் தாய் கணவரின் குடியைப் பற்றியும் தன் அழுகையைப் பற்றியும் முழுதாகச் சொல்வாள்? சந்திப்புக்குப் பெயர் கொடுக்கும்போதே தமிழ் பேசும் மாணவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். தூரம்தான் தடை என்றால் காணொளி வழியாகப் பேச முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், ஆனால் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் இடம் வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911-இல் திறந்தது, நமக்குப் பக்கத்து ஊர்தான். அந்த ஊர்ப் பெயரையே திட்டுவதற்குப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். அதனால் உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் தலைவலி, நெஞ்சு படபடப்பு, கைகால் அசதி என்று உடம்பை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். உடம்பையும் சொல்லுங்கள், அப்புறம் மனதில் இருப்பதையும் சொல்லுங்கள். கோவிலில் மந்திரித்தது, போமோவிடம் (மலாய் மந்திரவாதியிடம்) போனது, சம்சு என்ற மலிவு சாராயம் குடிப்பது, கடன் தொல்லை, எதையும் மறைக்க வேண்டாம். அவர்கள் உங்களை எடைபோட உட்காரவில்லை, ஒளித்து வைத்தால் அரைகுறை உதவிதான் கிடைக்கும்.

மாத்திரை எதிர்பார்த்துப் போவதும் தவறு. அங்கே பேச்சு வழிச் சிகிச்சைதான், மருந்து எழுத டாக்டர் வேண்டும். நம் ஊர் அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான், அங்கிருந்தே மனநல டாக்டரிடம் அனுப்பச் சொல்லலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் என்றால், கவுன்சலிங் போகிறோமே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்துவிட்டால் அடுத்த வாரச் சந்திப்பு வரை காத்திருக்கவே கூடாது. அரசாங்கத்தின் மனநல உதவி எண் 15555 அல்லது மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணுக்கு உடனே அழையுங்கள், ஆபத்து கையருகில் இருந்தால் 999-க்கு அழையுங்கள் அல்லது நேரே மருத்துவமனைக்குப் போங்கள். போலீஸ் பிடிக்கும் என்று பயந்து இன்னும் வாய் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். வருமானத்தைப் பார்த்துக் குறைக்கும் இடங்கள் உண்டு, வாய்விட்டுக் கேட்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வந்துபோன நேரத்துக்குச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மண்டோரிடம் (தோட்டக் கங்காணியிடம்) காரணம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, செமஸ்டர் முடிந்ததும் உங்கள் மாணவர் போய்விடலாம். பழகிய முகம் திடீரென்று இல்லாமல் போனால் மனம் உடைந்து அப்படியே விட்டுவிடுவோம். முதல் நாளே இவர் எத்தனை மாதம் இருப்பார், போகும்போது என்னை யாரிடம் ஒப்படைப்பார் என்று கேட்டு வையுங்கள். அந்த அக்கா இதைக் கேட்டிருந்தார், அதனால்தான் இரண்டாவதாக வந்த பெண்ணிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லாமல் விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது.