முதல் வயதில் குழந்தையின் மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி? ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு

பிறக்கும்போது குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம் எடை இருக்கும். ஒரு வயதில் 900 கிராமை நெருங்கிவிடும். கைக்குழந்தை சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. பெரியவர்களுக்கு இது 20 சதவீதம்தான். மூளையில் சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. நிமிடத்துக்கு நிமிடம் ரத்தம் கொண்டுவந்து தரும் ஆக்சிஜனும் குளுக்கோஸும்தான் அதற்குச் சாப்பாடு.

எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். அடிக்கடி சேர்ந்து வேலை செய்யும் பகுதிகளுக்கு இடையே இணைப்பு கெட்டிப்படும். இந்த வளர்ச்சிக்கு ஒரு வரிசையும் உண்டு. 1987-இல் ஹாரி சுகானி என்ற நரம்பியல் மருத்துவரின் குழுவினர், மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸ் செலவழிக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் மூலம் இதைக் காட்டினார்கள். பிறந்த புதிதில் தொடு உணர்வு, அசைவு சார்ந்த பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன. மூன்று மாதத்தில் பார்ப்பது, காதால் கேட்பது சார்ந்த பகுதிகள் எழும்புகின்றன. மூளையின் முன்பகுதி அரை வயதுக்குப் பிறகே முழுவீச்சில் இறங்குகிறது. வீட்டில் நமக்கு இருப்பது இரண்டு வேலை: ரத்தத்தின் அளவையும் தரத்தையும் காப்பது, மூளைக்குத் தீனி போடுவது. கோட்டை விடுவது பெரும்பாலும் முதல் வேலையில்தான்.

பிரசவ அறையிலேயே கேளுங்கள்

குழந்தை பிறந்து அழுதுவிட்டால், தொப்புள்கொடியை ஒரு நிமிடம் முதல் மூன்று நிமிடம் கழித்து வெட்டச் சொல்லிக் கேட்கலாம். அதற்குள் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தத்தில் கணிசமான பங்கு குழந்தைக்கு வந்துவிடும். அதில் உள்ள இரும்புதான் அடுத்த சில மாதங்களுக்குக் கையிருப்பு. மூச்சுவிடச் சிரமப்படும் குழந்தைக்கு இது பொருந்தாது. அங்கே டாக்டர் முடிவே முடிவு.

தலைக்கு ஊற்றும்போது

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, உதறுவது, மண்டையை அமுக்கி உருட்டுவது, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது இவை வேண்டாம். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறினால் மூளைக் குழாய்கள் சுருங்கும், இறங்கினால் விரியும், ஓட்டம் சமமாகிவிடும். குறைமாதக் குழந்தைக்கு, அதிலும் 32 வாரத்துக்கு முன் பிறந்ததற்கு, இந்தச் சுதாரிப்பு மிகக் குறைவு. முதல் மூன்று நாளில் மூளைக்குள் ரத்தக்கசிவு வரும் ஆபத்து அவர்களுக்கு அதிகம். நிறைமாதக் குழந்தையானாலும், வேகமாக உலுக்கினால் மூளையைச் சுற்றியுள்ள சிரைகள் அறுந்துபோகும். குளிப்பாட்டும் பாட்டிக்குக் கோபம் வரத்தான் செய்யும், வந்தால் வரட்டும்.

தலைக்கு ஊற்றியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் விட்டுவிடுங்கள். நம் பக்கம் சீமைக்கருவேல் விறகு எரியாத ஊர் கிடையாது, கரிமூட்டமும் பல இடங்களில் உண்டு. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் ஓடும், ஆனால் ஆக்சிஜன் சுமக்காது. அடுப்பு இருக்கும் அறையில் தூளி கட்டாதீர்கள்.

இரும்புச்சத்து

தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான். கையிருப்பு ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். அங்கன்வாடியிலும் கிராம சுகாதார செவிலியரிடமும் கிடைக்கும் இரும்பு, ஃபோலிக் அமில சிரப்பை 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரண்டு முறை, முறைக்கு 1 மில்லி கொடுக்க வேண்டும். ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. செவ்வாய், வெள்ளி என்று நாள் வைத்துக்கொண்டால் மறக்காது. சாப்பிட்டபின் கொடுங்கள், பாலோடும் டீயோடும் கொடுத்தால் உடலில் சேராது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு, அதைப் பார்த்து நிறுத்தாதீர்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் மட்டும் நிறுத்தி, குணமானபின் தொடருங்கள். தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய் இருக்கும் குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது. எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு இன்னும் சீக்கிரமே தொடங்க வேண்டியிருக்கும். அளவை டாக்டரிடம் கேளுங்கள். இரும்புக் குறைவு ரத்தத்தோடு நிற்பதில்லை, நரம்பு இழைகளின் உறை போடும் வேலையையும் தாமதிக்கும். பிறகு ரத்தம் ஏறினாலும் அந்தப் பாதிப்பில் சில தங்கிவிடுவதால்தான் தள்ளிப்போடக்கூடாது.

ஆறு மாதத்துக்குப் பிறகு வேகவைத்த நெத்திலி, சூடை போன்ற சின்ன மீனை முள் நீக்கி மசித்துச் சோற்றோடு கொடுக்கலாம். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு இரும்பை உடலில் ஏற்றும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். பால் சுரக்கும் என்று தாய்க்குச் சுறாப்புட்டு தரும் வழக்கம் இங்கே உண்டு. பெரிய சுறாவில் பாதரசம் அதிகம். அது தாய்ப்பால் வழி குழந்தைக்கும் போகும், மூளைக்கு ஆகாது. சின்ன மீனாக வாங்கி வையுங்கள்.

வயிற்றுப்போக்கும் உப்புத் தண்ணீரும்

நீர் குறைந்தால் ரத்தத்தின் அளவு குறையும், மூளைக்குப் போவதும் குறையும். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும்: பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர், சின்னதுக்கு 200 மில்லி. ஒவ்வொரு தடவை போனபிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக. கலந்ததை 24 மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

இங்கே பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று. கிணற்று நீரும் போர்வெல் நீரும் பல ஊர்களில் உப்புக் கரிக்கும். ஓஆர்எஸ்ஸில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. உப்புத் தண்ணீரில் கலந்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி, மூளைச் செல்களிலிருந்து நீரை உறிஞ்சிவிடும், வலிப்பு வரலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. வற்ற வற்ற உப்பு இன்னும் கூடும். காவிரிக் கூட்டுக்குடிநீர் அல்லது கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கலக்குங்கள். பால் பவுடர் கலக்கும்போதும் இதேதான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எவ்வளவு வெயிலடித்தாலும் தாய்ப்பாலே போதும், தனியாகத் தண்ணீர் வேண்டாம். அந்த வயதில் வயிற்றுப்போக்கு என்றால் நேரே ஆஸ்பத்திரிதான்.

அளந்து பாருங்கள்

மாதம் ஒருமுறை தலைச் சுற்றளவு. தையற்காரர் டேப் நாளடைவில் இழுபட்டுவிடும். இழுபடாத டேப் எடுங்கள். புருவத்துக்கு மேல், காதுக்கு மேல், பின்மண்டையின் மிக நீட்டிய இடம் வழியாகச் சுற்றி மூன்று தடவை அளந்து, பெரிய அளவைத் தாய் சேய் அட்டையில் குறியுங்கள். பிறக்கும்போது 34, 35 செ.மீ.; முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஏறத்தாழ 2 செ.மீ., அடுத்த மூன்றில் 1, பிறகு அரை செ.மீ. ஒரு வயதில் 45, 46 வரும். கோடு திடீரென மேலே தாவினாலும் அப்படியே நின்றாலும் செவிலியரிடம் காட்டுங்கள்.

உச்சிக்குழியை, குழந்தையை நிமிர்த்தி, அழாமல் இருக்கும்போது தொடுங்கள். பள்ளமாக இருந்தால் நீரிழப்பு. புடைத்து இறுகியிருந்தால் அவசரம். கால் பெருவிரல் நகத்தை லேசாக அழுத்தி விட்டால் மூன்று நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும்.

மூளைக்குத் தீனி

புதுக்குழந்தைக்கு 20, 30 செ.மீ. தூரத்தில் முகம் தெரியும். அந்தத் தூரத்தில் பேசுங்கள், அது ‘ங்கா’ என்றதும் நிறுத்தி, அது பேச வழிவிடுங்கள். பிறந்த முதல் வாரங்களிலிருந்தே, விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து சற்று நேரம் குப்புறப் போடுங்கள். அரை வயதுக்கு மேல் துணிக்கடியில் கிண்ணத்தை ஒளித்துத் தேடவிடுங்கள். கையில் செல்போனைக் கொடுத்தால் இதில் எதுவும் நடக்காது. 4 மாதம் முதல் ஒரு வயது வரை பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை.

உதடு நீலம் பாய்வது, வலிப்பு, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத சோர்வு, இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேல் ஒரு வயது வரை 50-ம் தொடும் அல்லது தாண்டும் மூச்சு: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சை முழு ஒரு நிமிடம், குழந்தை அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் கைக்குழந்தைக்குக் கணக்குத் தப்பும்.