லைசென்ஸ் லாக்கில் ‘டினைட்’ வரிகளை எண்ணி ஏமாறாதீர்கள்

“நேத்து மட்டும் 300 தடவை லைசென்ஸ் கிடைக்கலை, இன்னும் பத்து வாங்கணும்” என்று யாராவது லாக் ஃபைலோடு வந்து நின்றால் உடனே பர்ச்சேஸ் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அந்த 300 ‘டினைட்’, அதாவது ‘மறுக்கப்பட்டது’ வரிகளுக்குப் பின்னால் மூன்றே பேர் இருக்கலாம். லைசென்ஸ் கிடைக்காத சாஃப்ட்வேர் பல நேரம் விடாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தட்டலும் லாக்கில் ஒரு வரி.

நான் சொல்வது ஃபிளெக்ஸ்நெட் சர்வரின் டீபக் லாக் பற்றி, யார் லைசென்ஸ் எடுத்தார், யாருக்கு மறுக்கப்பட்டது என்று சர்வர் எழுதிவைக்கும் குறிப்பு அது. மேட்லேப் மாதிரி மென்பொருள்களுக்கு நெட்வொர்க் லைசென்ஸ், அதாவது பலர் பொதுவில் எடுத்துத் திருப்பித் தரும் லைசென்ஸ், கொடுப்பது இந்த சர்வர்தான். பழைய ஆட்கள் இன்னும் ஃபிளெக்ஸ்எல்எம் என்றுதான் சொல்வார்கள்.

முதலில் லாக் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் பழைய லாக் அழிந்து புதிதாக எழுதப்படும், அப்படி ஆகாமல் தொடர்ந்து எழுத வேண்டுமானால் லாக் பாதைக்கு முன்னால் ஒரு பிளஸ் குறி போட்டிருக்க வேண்டும். ஒரு குறி போடாததால் ஒரு வருஷத்து லாக் போன கதையெல்லாம் உண்டு. சர்வருக்கு நீங்கள் விதிகள் எழுதிவைக்கும் ஆப்ஷன்ஸ் ஃபைலில் ‘நோலாக்’ என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் சில வகை வரிகள் லாக்கில் வரவே வராது.

அப்புறம் தேதி. ஒவ்வொரு வரியிலும் மணி மட்டும்தான் இருக்கும், நாள் இருக்காது. இடையிடையே வரும் ‘டைம்ஸ்டாம்ப்’ வரியில்தான் தேதி கிடைக்கும், அதைப் பிடித்துக்கொண்டு கீழே வரும் வரிகளுக்கு நாளை ஒட்டவைக்க வேண்டும், நள்ளிரவைத் தாண்டும் இடத்தில் கவனம்.

இப்போது கணக்கு. ‘அவுட்’ என்றால் ஒருவர் லைசென்ஸ் எடுத்தார், ‘இன்’ என்றால் திருப்பிவிட்டார். கூடவே ஃபீச்சர் (லைசென்ஸ் தனியாகக் கொடுக்கப்படும் மென்பொருள் பகுதி) பெயர், யூசர், மெஷின் பெயர் இருக்கும். அவுட் வரிகளைக் கூட்டி ஒரு நாள் பயன்பாடு என்று சொல்வது தப்பு, ஒரே ஆள் காலையில் நாலு தடவை திறந்து மூடியிருப்பார். ஃபீச்சர் வாரியாக அவுட்டுக்கு ஒன்று கூட்டி, இன்னுக்கு ஒன்று கழித்துக்கொண்டே வாருங்கள், எந்த நிமிடத்தில் எத்தனை வெளியே இருந்தது என்று தெரியும். வரிக் கடைசியில் ‘4 லைசென்சஸ்’ மாதிரி இருந்தால் நாலு கூட்டுங்கள், இதை விட்டுவிட்டுத்தான் பலருக்கு எண் உதைக்கும். சர்வர் ரீஸ்டார்ட் ஆன இடத்தில் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கணக்கு மைனஸில் போனால் லாக் தொடங்கும் முன்பே யாரோ எடுத்து வைத்திருந்தார் என்று அர்த்தம்.

சரி, டினைட். அந்த வரியின் கடைசியில் இருக்கும் மைனஸ் எண்ணைப் படிக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். மைனஸ் 4 மட்டும்தான் உண்மையான தட்டுப்பாடு, இருந்த லைசென்ஸ் எல்லாம் எடுபட்டுவிட்டது. மைனஸ் 10 என்றால் காலாவதி, மைனஸ் 38, 39 என்றால் ஆப்ஷன்ஸ் ஃபைலில் அவரை விலக்கியோ சேர்க்காமலோ விட்டிருக்கிறீர்கள். ‘அன்சப்போர்ட்டட்’ வரிகளில் மைனஸ் 18 நிறைய வரும், நீங்கள் வாங்காத கூடுதல் ஃபீச்சர் இருக்கிறதா என்று மென்பொருள் தானாகக் கேட்டுப் பார்த்திருக்கும், பெரும்பாலும் விட்டுவிடலாம்.

மைனஸ் 4 வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒரே யூசர், ஒரே மெஷின், ஒரே ஃபீச்சருக்குப் பத்து நிமிடத்துக்குள் வந்ததை எல்லாம் ஒரே சம்பவமாக எண்ணுங்கள். அதற்குப் பிறகு சீக்கிரமே அவருக்கு அவுட் வந்துவிட்டதா, வரவே இல்லையா என்று பாருங்கள். இரண்டாவது லைசென்ஸ் சர்வர் இருந்தால் இங்கே மறுக்கப்பட்டவருக்கு அங்கே கிடைத்திருக்கும், அந்த லாக்கையும் சேர்த்துப் பார்க்காமல் பேசக்கூடாது.

தட்டுப்பாடு நிஜம்தான் என்று தெரிந்தாலும், யார் எவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்தார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். காலை 9 மணிக்கு அவுட், ராத்திரி 11 மணிக்கு இன் என்று இருந்தால் அவர் 14 மணி நேரம் உழைத்தார் என்று அர்த்தமில்லை, விண்டோவை மூடாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். இதை வைத்து வருகைப் பதிவு மாதிரி ஆளைப் பிடிக்கப் போனால் அசிங்கமாகிவிடும். ஆப்ஷன்ஸ் ஃபைலில் ‘டைம்அவுட்’ போடுங்கள், சும்மா கிடக்கும் லைசென்ஸை சர்வர் திரும்ப எடுத்துக்கொள்ளும், நேரத்தை நொடிக் கணக்கில் கொடுக்க வேண்டும், வழக்கமான குறைந்தபட்சம் 900. ஆனால் அந்த மென்பொருள் அதை ஆதரித்தால்தான் வேலை செய்யும்.

இன்னொன்று, சர்வரையே தொட முடியாமல் போனவர்களின் மைனஸ் 15 பிழை இந்த லாக்கில் இருக்காது, அவர்கள் திரையில் மட்டும்தான் வரும். லாக் சுத்தமாக இருந்தும் புகார் வருகிறது என்றால் ஸ்க்ரீன்ஷாட் கேளுங்கள், ஃபயர்வாலைப் பாருங்கள்.